கவிழ்த்து வைத்த தொட்டி

நர்சரியின் நடைபாதையில் ஒரு மண்தொட்டி கவிழ்ந்திருந்தால் அதைத் தாண்டி யாரும் போகக் கூடாது. இதற்குப் பலகை எதுவும் எழுதி மாட்டவில்லை. தொட்டிக்கு அந்தப் பக்கம் எங்கோ ஒரு பறவை முட்டை வைத்திருக்கிறது என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். குஞ்சு பறந்து போகிற வரைக்கும் அங்கே தண்ணீர்க் குழாயை இழுக்கக் கூடாது, உரமூட்டையைத் தொப்பென்று இறக்கக் கூடாது, குரலை உயர்த்தக் கூடாது. செடி வாங்க வந்தவர்கள் எட்டிப் பார்த்து, "அந்தக் கொய்யா நல்லாருக்கே, அதையே குடுங்க" என்று கேட்டால், நர்சரிக்காரி கண்ணைக்கூட இமைக்காமல், "அது வித்துப்போச்சுங்க" என்று பொய் சொல்லிவிடுவாள்.

ஒரு வருஷம் கொண்டைக்குருவி ஒன்று கொய்யா ஒட்டுக்கன்றுகளுக்கு நடுவில் கூடு கட்டியது. அந்த வரிசையே விற்காமல் நின்று, வேர் பையைக் கிழித்துக்கொண்டு தரைக்குள் இறங்கிவிட்டது. பிடுங்கினால் செத்துப்போகும் என்று அப்படியே மரமாக விட்டுவிட்டார்கள். நாத்தனாருக்கு அது இன்றைக்கும் ஆறாத வயிற்றெரிச்சல்.

"ஊர்ல எல்லாரும் குருவிய விரட்டிட்டு செடி விப்பாங்க. நம்ம வீட்லதான் செடிய விட்டுட்டு குருவி வளக்குறாங்க" என்று மண் சலித்துக்கொண்டே சொல்லுவாள். சொல்லுவாளே தவிர, தொட்டி கவிழ்ந்திருந்தால் அவளும் சுற்றிக்கொண்டுதான் போவாள். புருஷன் போனபிறகு தம்பி வீட்டோடு வந்து சேர்ந்தவள். வாய் கொஞ்சம் காரம், கை சுத்தம். அவள் கலந்த மண்ணில் போட்ட விதை முளைக்காமல் போனதில்லை.

கூட்டை யார் முதலில் பார்க்கிறார்களோ அவர்கள் தொட்டியைக் கவிழ்க்க வேண்டும். வாயைத் திறந்து எங்கே என்று சொல்லக் கூடாது. மற்றவர் தானாகத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். நர்சரிக்காரிக்கும் அவள் புருஷனுக்கும் நடுவில் கல்யாணமான புதிதில் ஆரம்பித்த விளையாட்டு இது, பிறகு வீட்டுச் சட்டமாகிவிட்டது. "ஆச்சா?" என்று ஒருவர் கேட்பார். "ஆச்சு" என்று மற்றவர் சொல்லுவார். அதோடு பேச்சு முடிந்தது.

புருஷனுக்குக் கண். வேன் ஓட்டுகிறவர், வண்டி போகிற வேகத்திலேயே வேலிக்கம்பியில் உட்கார்ந்திருப்பது கரிச்சானா, கீச்சானா என்று சொல்லிவிடுவார். அவளுக்குக் காது. நாள் முழுக்கக் குனிந்தே வேலை. பைக்கு மண் நிரப்பவும், ஒட்டுக் கட்டவும், களை பிடுங்கவும் தலையைத் தூக்க நேரமிருக்காது. ஆகவே கேட்டுக் கேட்டே பழகிக்கொண்டாள். தையல்சிட்டு பூனையைப் பார்த்துக் கத்துவதும் பாம்பைப் பார்த்துக் கத்துவதும் அவளுக்கு வேறு வேறு. சவாரி இல்லாத நாளில் இரண்டு பேரும் வேனை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்கும் அறுத்த வயல்களுக்கும் போவார்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு, பிளாஸ்க்கில் கொண்டுபோன டீயைக் குடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்கள். "அங்க" என்பார் அவர். "ரெண்டு" என்பாள் அவள். பெரிதாகச் சண்டை சச்சரவும் கிடையாது, கொஞ்சலும் கிடையாது. அவர்கள் குடும்பம் நடத்தியதே இந்தப் பறவைகளை வைத்துத்தான் என்று சொன்னால் தப்பில்லை.

இந்த மழைக்கு மூங்கில் புதருக்குப் பின்னால் ஆறுமணிக்குருவி கூடு கட்டியது.

அது சாமான்யமாகக் கண்ணில் படுகிற பறவை இல்லை. சருகுக்குள் தத்தித் தத்திப் புழு தேடும். ஆள் வாடை அடித்தால் கல்லாகிவிடும். விடியும்போதும் இருட்டும்போதும் இரண்டு சுரத்தில் ஒரு விசில் அடிக்கும், அதை வைத்துத்தான் அந்தப் பெயர். வருஷா வருஷம் கொஞ்ச காலம் தோட்டத்துக்கு வந்து தங்கிவிட்டுப் போய்விடும். நர்சரிக்காரி பூவாளியோடு நிற்கும்போது அது கூப்பிட்டால், இவளும் உதட்டைக் குவித்துப் பதில் கொடுப்பாள். முதல் இரண்டு வருஷம் அது ஏமாறவில்லை. அப்புறம் ஏமாந்ததோ, பழகிக்கொண்டதோ, இவள் விசிலடித்தால் மூங்கிலுக்குள்ளிருந்து வெளியே வந்து, தலையைச் சாய்த்துப் பார்க்கும். பச்சை முதுகு, நீலத் தோள், வாலடியில் குங்குமச் சிவப்பு, கண்ணுக்கு மேல் மை தீட்டியதுபோல் ஒரு கறுப்புப் பட்டை. அவ்வளவு அலங்காரத்தையும் வைத்துக்கொண்டு ஒளிந்தே வாழ்கிற பிறவி. எங்கிருந்தோ வந்துவிட்டுப் போகிற விருந்தாளி இந்த வருஷம் போகாமல் நின்றுவிட்டது. ஜோடி சேர்ந்து, சருகும் வேருமாகச் சுருட்டி, தாழ்ந்த கிளைக் கவட்டில் பந்துபோல் ஒரு கூடு. பக்கவாட்டில் ஒரு வாசல். வாசலுக்கு நேரே ஒரு கொப்பு தழைத்துப் படுதா மாதிரி தொங்கியது.

நர்சரிக்காரி தொட்டியைக் கவிழ்த்தாள். நல்ல பெரிய தொட்டியாகப் பார்த்துக் கவிழ்த்தாள். மறுநாள் சாயங்காலம் வேன்காரர் டீத் தம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு, "ஆச்சு" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அவளுக்கும் மனசு நிறைந்துவிட்டது.

வேன்காரருக்கு அந்தச் சமயத்தில் ஒரு மனக்குறை இருந்தது. கொஞ்ச நாளாகவே பெரிய பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு பறவை படம் எடுக்கிறவர்கள் ஊர்ப்பக்கம் வர ஆரம்பித்திருந்தார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு போவது இவர் வேன். ஆனால் பறவை காட்டுவதற்கென்று ஏரிக்கரையில் ஒருவன் இருந்தான். அவனை எல்லோரும் தலையில் வைத்துத் தாங்குவார்கள். இவரை வண்டியிலேயே இருந்து செருப்பையும் பையையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுவார்கள்.

"இன்னைக்கு ரோட்டோரத்துல ஆந்தை. நான்தான் பாத்தேன், நான்தான் வண்டிய நிறுத்தினேன். ஆனா தட்டிக்குடுக்கிறது அவன் முதுகுல" என்று ஒருநாள் சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"போனாப் போகுது. நீங்கதான் பாத்தீங்கன்னு உங்களுக்குத் தெரியும்ல. எனக்குத் தெரியும்ல."

"உனக்குத் தெரிஞ்சு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டு முகம் கழுவப் போய்விட்டார். அந்தப் பாதி வாக்கியத்தை அவள் அன்றைக்குக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காதுக்குப் பேர்போனவள் அதை மட்டும் விட்டுவிட்டாள்.

அதற்குச் சில நாள் கழித்து ஒரு சாயங்காலம், அவள் மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் வந்து குந்தினார்.

"ஏய், அந்த விசிலை ஒருக்கா போன்ல பதிஞ்சு குடேன்."

"எதுக்காம்?"

"வெளியூர் போறப்ப கேட்டுக்கிட்டே ஓட்டுவேன்."

"பாட்டுக் கேக்க வேண்டியதுதானே? எத்தனை பாட்டு வச்சிருக்கீங்க."

"பாட்டு எல்லார்கிட்டயும் இருக்கு."

இப்படியெல்லாம் பேசுகிற மனிதரே இல்லை அவர். பெண்பார்க்க வந்த அன்றைக்குக்கூட, வாசல் வேப்பமரத்தில் காக்கைக்கூடு இருப்பதைத்தான் சொன்னார். அவளுக்குக் கன்னம் சுட்டது. பிளேடைக் கீழே வைத்து, கையைச் சேலையில் துடைத்து, உதட்டை நனைத்துக்கொண்டு அடித்தாள். இரண்டு சுரம், கொஞ்சம் இடைவெளி, மறுபடி இரண்டு சுரம். அவர் போனை அவள் வாய்க்கிட்டே பிடித்துக்கொண்டு, இன்னும், இன்னும் என்று கையாட்டினார். மூச்சு தீர்கிற வரைக்கும் அடித்துவிட்டு, "போதுமா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பும் போனுக்குள் போய்விட்டது.

அன்றைக்கு ராச்சோறு போடும்போது அவருக்கு மட்டும் இரண்டு முட்டை பொரித்தாள். நாத்தனார் அவர் தட்டைப் பார்த்தாள், தன் தட்டைப் பார்த்தாள்.

*

ஹோட்டல்காரர் வாசலில் வைக்கக் குரோட்டன்ஸ் கேட்டிருந்தார். வேனில் பேட்டரி மக்கர் பண்ணுகிறது என்று புருஷன் சொன்னதால், அவள் வாடகை லாரியில் செடிகளோடு போனாள். இறக்கி வைத்து, வரிசை கட்டி, தண்ணீர் ஊற்றிவிட்டுத் திரும்ப சாயங்காலம் ஆகும் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள். போனால் ஹோட்டல் தோட்டக்காரனுக்குக் காய்ச்சல், ஆள் வரவில்லை. செடியை நிழலில் வைத்துவிட்டுப் போங்கள், நட்டுக்கொள்கிறோம் என்றார்கள். உச்சிப்பொழுதுக்கெல்லாம் திரும்பிவிட்டாள்.

வாசலில் புதுக் கார்கள் நின்றன. பெரிய வியாபாரம் வந்திருக்கிறது என்று அவளுக்குச் சந்தோஷம். உள்ளே நுழைந்தால் குழாயடியில் நாத்தனார் கண்ணாடித் தம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். விருந்தாளிக்கென்று அலமாரியில் பூட்டி வைத்திருக்கிற தம்ளர்.

"என்ன, அதுக்குள்ள வந்துட்ட?" என்றாள் நாத்தனார். தம்ளர் கையில் வழுக்கியது.

"தோட்டக்காரனுக்குக் காய்ச்சலாம். யாரு அண்ணி, செடிக்கா வந்திருக்காங்க?"

"ஆமா... செடிக்குன்னுதான்... நீ கால் கழுவிட்டு முதல்ல ஒருவாய் சாப்பிடு. வெயில்ல வந்திருக்க."

அப்போதுதான் மூங்கில் பக்கமிருந்து ஆறுமணிக்குருவி கூப்பிட்டது.

இந்த நேரத்தில் அது கூப்பிடாதே என்று நினைத்தாள். மறுபடியும் கூப்பிட்டது. அதே சுரம், அதே இடைவெளி. மறுபடியும். பறவைக்கு ஒவ்வொரு தடவையும் ஏதாவது கொஞ்சம் மாறும். மூச்சு மாறும், முகம் திரும்பும். இது ஒரே அச்சாக வந்தது. என்னவோ ஆகிவிட்டது அதற்கு என்று பதறிப்போய் இரண்டு எட்டு வைத்தாள்.

"போதுமா?" என்றது மூங்கில் புதர். பிறகு ஒரு சிரிப்பு.

அவளுக்கு உடனே விளங்கவில்லை. யாரோ ஒரு பொம்பளை தோட்டத்துக்குள் நின்று சிரிக்கிறாள் என்றுதான் முதலில் தோன்றியது. யாரடா இவள், இவ்வளவு கொஞ்சலாகச் சிரிக்கிறாள் என்று அருவருப்பாகக்கூட இருந்தது. பிறகு தன் குரல் என்று தெரிந்தது. நாத்தனார் பின்னாலிருந்து, "ஏய், நில்லு, நான் சொல்றத கேளு" என்று கூப்பிட்டதைக் கேட்டுக்கொண்டே நடந்தாள்.

கவிழ்த்து வைத்த தொட்டியின் மேல் ஒரு பருத்த மனிதர் உட்கார்ந்து கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். உட்கார வசதியாக இருக்கிறதே என்று உட்கார்ந்துவிட்டார்போல. அவருக்கு அந்தப் பக்கம், முக்காலியில் நிறுத்திய கேமராக்கள், பச்சைத் துணி போர்த்திய ஆட்கள். மூங்கிலில் வேன்காரரின் போன் கட்டியிருந்தது. அவள் ஒட்டுக் கட்டுகிற டேப்பாலேயே கட்டியிருந்தது.

குருவி கூட்டில் இல்லை. சருகின்மேல் இங்கேயும் அங்கேயும் தத்தி ஓடியது. இறக்கையை விரித்துக் காட்டியது, மார்பை நிமிர்த்தியது. தன் எல்லைக்குள் நுழைந்துவிட்ட இன்னொரு குருவியைத் தேடிக்கொண்டிருந்தது அது. இல்லாத ஒன்றோடு சண்டைக்கு நின்றது. ஒவ்வொரு தடவை அது நின்றபோதும் கேமராக்கள் பொரிந்தன. கூட்டு வாசலுக்கு முன்னால் படுதாவாகத் தொங்கிய கொப்பைக் காணோம். உச்சி வெயில் நேராக உள்ளே விழுந்து, உள்ளே கிடந்த முட்டைகள் வெளியே நிற்பவர்களுக்கே வெள்ளையாகத் தெரிந்தன.

வெட்டின கொப்பு காலடியில் கிடந்தது. அவள் கண் வெட்டுவாயில்தான் போய் விழுந்தது. கணுவுக்கு மேலே, சாய்வாக, பிசிறில்லாமல் வெட்டியிருந்தது. வெளியாள் என்றால் ஒடித்திருப்பான், முறித்திருப்பான். இது அவளுடைய கத்தரி. அவள் சொல்லிக்கொடுத்த வெட்டு.

வேன்காரர் அவளைப் பார்த்துவிட்டார்.

"நீ... சாயந்தரம்தானே வரேன்னு..." என்று கிசுகிசுத்தார்.

கூட்டுக்குப் பக்கத்தில் குரலை உயர்த்தக் கூடாது. அந்த நேரத்திலும் அவளுக்குச் சத்தம் போட வரவில்லை. இத்தனை வருஷப் பழக்கம். "போங்க" என்றாள் ரகசியம்போல. "எல்லாரும் போங்க. வெளிய போங்க."

தொட்டியில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து கைகூப்பினார். தன்மையான மனிதர்தான். "நீங்கதானாம்மா? ரொம்ப நன்றிம்மா. என்ன விசில்மா அது! நாங்க எத்தனையோ காட்டுக்குப் போயிருக்கோம், அசல் பறவை சத்தமே வச்சுப் பாத்திருக்கோம், இப்படி ஓடி வந்ததில்ல. உங்க குரல நம்புதும்மா அது."

"போங்கய்யா" என்றாள் மறுபடியும், அதே ரகசியக் குரலில்.

"போறோம், போறோம். குருவிக்கும் ரெஸ்ட் வேணும்ல" என்று அவர் சிரித்துக்கொண்டே மற்றவர்களுக்குக் கையைக் காட்டினார். அவள் மரியாதையாகப் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டார் அந்தப் புண்ணியவான்.

*

மண் கலக்கிற கொட்டகைக்கு வந்தபிறகுதான் அவளுக்குக் குரல் திரும்பியது. அப்போதும் அது கத்தலாக வரவில்லை.

"வெட்டினது நீங்களா?"

"கொஞ்சம் இலைதான். முகம் மறைக்குதுன்னாங்க. அவங்க கையில விட்டா ஒடிச்சுப் போட்டிருவாங்கன்னு நானே சாய்ச்சு வெட்டினேன். சீக்கிரம் தளிர்த்துரும்."

"சாய்ச்சு வெட்டினீங்களா." அவள் அவர் முகத்தையே பார்த்தாள். "பேட்டரி?"

அவர் மண்சல்லடையை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"பேட்டரி நல்லாத்தான் இருக்கு, இல்ல? என்னை ஒரு நாள் பூரா வெளிய அனுப்பணும். அதுக்கு ஹோட்டல்காரர் செடி கேட்டது தோதாப்போச்சு. அந்த விசிலு? வண்டில கேட்டுக்கிட்டே ஓட்டுவேன்னு சொன்னீங்களே?"

"சத்தியமா கேட்டேன். ரெண்டு தடவ கேட்டேன். அப்புறம்தான் தோணுச்சு..."

"பாட்டு எல்லார்கிட்டயும் இருக்குன்னு சொன்னீங்க. நான் அத நம்பி..." அதற்குமேல் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. பொரித்த முட்டை ஞாபகம் வந்தது. தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

"ஒரே ஒரு தடவ" என்றார் வேன்காரர். குரல் உடைந்திருந்தது. "ஒரே ஒரு தடவ, இவன்தாண்டா காட்டினான்னு நாலு பேர் சொல்லட்டும்னு நினைச்சேன். தப்பா? எத்தனை வருஷமா செருப்புக்குக் காவல் இருக்கேன்? படத்துக்குக் கீழ என் பேரும் போடறேன்னாங்க. என் கண்ணுக்கு இந்த வீட்டுக்கு வெளிய மதிப்பே கிடையாதா?"

"என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா நீ விடமாட்ட."

"விடமாட்டேன்னு தெரிஞ்சுதான் செஞ்சீங்க."

நாத்தனார் வாசற்படியில் வந்து நின்றாள். "சரி விடு. ஆம்பள ஏதோ ஆசைப்பட்டுட்டான். குருவி எங்க போகப்போவுது? காலைல வந்து உக்காந்துரும்."

"நீங்களும் இதுல இருந்தீங்கள்ல அண்ணி?"

"நான் என்ன இருந்தேன்? டீ போட்டுக் குடுத்தேன்." நாத்தனார் முந்தானையை முறுக்கினாள். "தம்பி நேத்து வந்து சொன்னான். வேணாண்டா, அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோன்னேன். அவன் மூஞ்சியப் பாத்தேன். சின்னதுல திருவிழாக் கடைல பொம்மைக்கு ஏங்குவானே, அதே மூஞ்சி. எனக்கு வாய் வரல."

"அலமாரித் தம்ளர எடுக்கக் கை வந்துச்சு."

நாத்தனார் தம்ளரைத் துடைத்து வைக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டாள்.

நர்சரிக்காரி நிழல்வலையில் ஒரு துண்டு வெட்டி எடுத்துக்கொண்டு போனாள். வெட்டின கொப்பை எடுத்து, இருந்த இடத்திலேயே, இருந்த வாக்கிலேயே வைத்து டேப்பால் கட்டினாள். செத்த கொப்பை ஒட்டுக் கட்டினால் பிடிக்குமா? பிடிக்காதென்று அவளுக்குத் தெரியாதா? அன்றைக்கு ஒருநாள் இலை வாடாமல் நின்றால் போதும் என்று கட்டினாள். பின்னால் வலையை இழுத்து வெயிலை மறைத்தாள். பிறகு வெகுதூரம் தள்ளிப் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள்.

குருவி வந்தது. மூங்கிலின் விளிம்புவரை வந்து நின்று வலையைப் பார்த்தது. சுற்றுமுற்றும் பார்த்தது. திரும்பிப் போனது. கொஞ்ச நேரம் கழித்து ஜோடியில் மற்றது வந்து, அதுவும் பார்த்துவிட்டுப் போனது. வலையைக் கழற்றினாலாவது போகுமா என்று எழுந்தாள். எழுந்தால் இன்னும் பயப்படும் என்று உட்கார்ந்தாள். ஒரு விசில் கொடுத்தால் வந்துவிடும் என்று உதடு தானாகக் குவிந்தது. பகல் முழுக்க அந்த விசிலைத் தேடித்தான் அது பைத்தியமாக அலைந்திருக்கிறது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். கொப்பு வாடி, இலை ஒவ்வொன்றாகச் சுருண்டது.

விடிந்ததும் போனபோது செம்போத்து ஒன்று புதருக்குள்ளிருந்து கனமாக எழும்பி மதில்மேல் போய் உட்கார்ந்தது. அவசரமே இல்லாமல் அலகைத் துடைத்துக்கொண்டது. கூட்டு வாசல் கிழிந்து தொங்கியது. ஓடு மட்டும் கிடந்தது, புள்ளி போட்ட வெள்ளை ஓடு. செம்போத்தைக் கோபித்து என்ன? அதற்கும் பசி. வாசல் திறந்து கிடந்தது, வந்தது.

வேன்காரர் பின்னால் வந்து நின்றதை அவள் திரும்பாமலே தெரிந்துகொண்டாள். பிறகு, "போன்ல இருந்தத அழிச்சுட்டேன்" என்றார். "உன் முன்னாடியே வேணும்னாலும் பாரு. ஒண்ணும் இல்ல. இனிமே எவனையும் வாசப்படி ஏத்தமாட்டேன். போதுமா?"

சொல்லி முடித்தபிறகு அவருக்கே உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அவள் தொட்டியை நிமிர்த்தி, இடுப்பில் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள்.

*

படம் ஒரு பத்திரிகையில் வந்தது. வேன்காரர் அதை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்து, மண்மேட்டின்மேல் விரித்து வைத்துவிட்டுப் போனார். நாத்தனார்தான் முதலில் எட்டிப் பார்த்தாள். படம் அழகாகத்தான் இருந்தது. ஒரு இலை குறுக்கே இல்லை. ஒவ்வொரு இறகும் எண்ணிவிடலாம்போல் இருந்தது. அலகு திறந்து, கழுத்து புடைத்து, சண்டைக்கு நின்ற முகம். கீழே அந்தத் தன்மையான மனிதரின் பெயர் இருந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில், உள்ளூர் வாகன ஓட்டுநர் ஒருவர் உதவியதாக இருந்தது.

"ஒருவராமே" என்றாள் நாத்தனார். "இதுக்கா?"

நர்சரிக்காரிக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. பாவம், இவரையும் ஏமாற்றிவிட்டார்கள் என்று மனசு ஓடியது. உடனே அந்த இரக்கத்தின்மேலும் கோபம் வந்தது. தான் ஏமாந்ததற்கே இன்னும் அழுது முடிக்கவில்லை, அதற்குள் இவருக்காக வேறு அழ வேண்டுமா என்று இருந்தது. காகிதத்தை மடித்து நாத்தனாரிடம் கொடுத்துவிட்டு, பைக்கு மண் நிரப்ப உட்கார்ந்தாள்.

வேன்காரர் தன் போனில் அழித்தது என்னவோ உண்மைதான். ஆனால் அன்றைக்கே அந்தப் பதிவை அந்தத் தன்மையான மனிதர் தன் போனில் வாங்கிக்கொண்டு போயிருந்தார். அவர் தன் கூட்டாளிகளுக்குக் கொடுத்திருந்தார். அவர்கள் அவரவர் கூட்டாளிகளுக்கு. ஏரிக்கரைக்காரனிடமே அது வந்துவிட்டது. ஒருநாள் நாத்தனார் சந்தையிலிருந்து திரும்பி, கூடையை இறக்காமலே சொன்னாள்: "ஓடைக்கு அந்தப் பக்கம் காடு மாதிரி கெடக்குல்ல, அங்க காருங்க நிக்குது. உள்ளேர்ந்து நீ சிரிக்கிற சத்தம் கேக்குது. எனக்கு உடம்பே கூசிருச்சு."

நர்சரிக்காரி மறுநாள் சாயங்காலம் அந்தப் பக்கம் நடந்து போய்ப் பார்த்தாள். காரும் இல்லை, ஆளும் இல்லை. மூங்கில் வேலியில் ஒட்டுக் கட்டுகிற டேப் துண்டு மட்டும் தொங்கியது, அவளுடையது இல்லை, எவனோ கடையில் வாங்கியது. திரும்பி வந்துவிட்டாள். வேனில் ஏரிக்குப் போவது நின்றுபோயிற்று. போகலாமா என்று அவர் கேட்பார். களை கிடக்கிறது என்பாள். அது பொய் இல்லை, நர்சரியில் களை எப்போதும் கிடக்கும். காலையில் பின்வாசல் படியில் டீ குடிப்பது மட்டும் நின்றபாடில்லை. இரண்டு பேரும் உட்காருவார்கள். தேன்சிட்டு வரும், தையல்சிட்டு வரும். "அங்க" என்று அவர் சொல்லமாட்டார்.

மழை ஓய்ந்தபிறகு ஒரு சாயங்காலம் அவள் பூவாளியோடு குரோட்டன்ஸ் வரிசையில் நின்றபோது, மூங்கில் பக்கத்திலிருந்து ஆறுமணிக்குருவி கூப்பிட்டது.

பூவாளியைச் சாய்த்தபடியே நின்றுவிட்டாள். இரண்டு சுரம். இடைவெளி. மறுபடி இரண்டு சுரம். வாசலைப் பார்த்தாள், கார் எதுவும் இல்லை. இருந்தாலும் காத்திருந்தாள். அடுத்து அந்த வார்த்தை வரும், அந்தச் சிரிப்பு வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். வரவில்லை. மறுபடி கூப்பிட்டபோது சுரம் கொஞ்சம் கம்மிப்போய், வேறு திசைக்குத் திரும்பி வந்தது. இது அசல். நிஜமான குருவி. இத்தனை வருஷத்தில் முதல் முறையாக அதை அவள் சந்தேகப்பட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

தண்ணீர் பூவாளியிலிருந்து காலில் கொட்டிக்கொண்டிருந்தது.

வேன்காரர் கொட்டகைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் பழைய வெளிச்சம் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. "வந்துருச்சு" என்றார், கிசுகிசுப்பாக. "உன்னைத்தான் கூப்பிடுது."

குருவி மறுபடியும் கூப்பிட்டது. கூப்பிட்டுவிட்டு நிறுத்தியது. பதில் வருகிற அளவுக்கு இடம் விட்டு நிறுத்தியது.

"பதில் குடேன்" என்றார் அவர். "ஒரு தடவ. இருக்குன்னு தெரியட்டும்."

"நான் கூப்பிடறேனா, போன் கூப்பிடுதான்னு அதுக்கு எப்படிங்க தெரியும்?"

அவர் கதவில் சாய்ந்து நின்றார். குருவி இன்னும் ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தது. இருட்டிக்கொண்டு வந்தது. அவள் பூவாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய், தண்ணீர் பிடிக்க வைத்துவிட்டு, அது நிரம்புகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.